பதினான்கு ஓய்வுக் குறிகள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் பாட்டின் முதல் அச்சுப்படி இத்துடன் வருகிறது. பதினோரு பக்கம். திருத்தம் இருந்தால் பென்சிலால் போடு. பக்கம் திருப்பும்போது தயவுசெய்து விரலில் எச்சில் தொடாதே. நீ அனுப்பிய கைப்பிரதியின் ஒவ்வொரு மூலையிலும் மஞ்சளாக ஒரு விரல் தடம். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத்தான் ஸ்கேனரில் வைத்தேன். அதன் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஆர்டர் கொடுக்கும்போது இதை என்னிடம்தான் தரவேண்டும் என்று நீ கேட்டதாக முதலாளியம்மா சொன்னார். "உங்க தம்பி இவ்ளோ பெரிய ஆளுன்னு சொல்லவே இல்லையே" என்று வேறு வியந்துகொண்டார். நீ பெரிய ஆள் என்று எனக்கே தெரியாதபோது நான் எப்படிச் சொல்வது? இன்சூரன்ஸ் ஆபீஸ் ஊழியர்கள் முப்பத்திரண்டு பேரை வாரம் இரண்டு நாள் நிற்கவைத்துப் பாட்டுச் சொல்லித் தருகிறாய் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு வருடமாக அடுத்தவர்கள் கிறுக்கிய இசைத்தாள்களைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன். உன்னுடையதைப் போல அலங்கோலமான ஒன்றைப் பார்த்ததில்லை. அதிலும் அந்த ஓய்வுக் குறிகள்! "இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிரு" என்று பாடுகிறவரிடம் சொல்லத்தான் அந்தக் குறி. தாளத்தில் ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று வைப்பார்கள். நீ ஒரு வார்த்தைக்கு முன்னால் ஐந்தரைத் தட்டு வைத்திருக்கிறாய். இன்னொன்றுக்கு மூன்றேகால். வேறொன்றுக்கு ஒன்றே முக்காலும் ஒரு சின்னத் துண்டும். வார்த்தைக்கு நடுவிலும் வைத்திருக்கிறாய். முப்பத்திரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு எதற்காக நிற்பார்கள் என்று யோசித்தாயா?

இந்த இசைக்குறிகளை, அதாவது நோட்டுகளை, ஏற்றும் மென்பொருள் ஒரு அதிகப்பிரசங்கி என்பது உனக்குத் தெரிந்திருக்காது. நாம் காலியாக விட்ட இடத்திலெல்லாம் அதுவே ஓய்வுக் குறியைக் கொண்டுவந்து கொட்டும். நீ வீட்டில் ஏதோ இலவச மென்பொருளில் தட்டிப் பார்த்து, அது கொட்டிய குப்பையை அப்படியே கையால் பிரதி எடுத்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதனால் பதினான்கு இடத்திலும் ஓய்வுகளைச் சீர்செய்துவிட்டேன். இப்போது மனிதர்கள் பாடுவது போல இருக்கிறது. முடிவு முப்பதாவது பாரில் (நாலு தட்டுக்கு ஒரு பார்) வெட்டுப்பட்டது போல நின்றது. அங்கே ஒழுங்காக ஒரு நிறைவு சேர்த்திருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் எழுது. போன் செய்யாதே. எழுதும்போது எனக்குத் திக்குவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடைசியாக நான் போன் செய்தது ஆறு வருடம் முன்பு, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. உனக்குத்தான். உன் போன் பழுதாகி இருந்தது, நான் பதிவு செய்த செய்தி வரவே இல்லை என்றாய். சரி, அதைக் கிளறவேண்டாம்.

கீழ்த்தளத்துச் சலவைக்கடையின் மருந்து நெடியில் தலை வலிக்கிறது. வாயைத் திறந்தால் நாக்கில் வந்து உட்காருகிறது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. படி மிக அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினான்கு ஓய்வுகளையும் பழையபடி வைத்துவிடு. எதுவுமே பிழை இல்லை. ஐந்தரை என்றால் ஐந்தரைதான். வேகம் நிமிடத்துக்கு அறுபது தட்டு, அதாவது ஒரு தட்டுக்கு ஒரு விநாடி. அதிலும் கை வைக்காதே.

முடிவிலும் எதையும் சேர்க்கவேண்டாம். வெட்டியது போல நிற்கட்டும்.

ஏன் என்று கேட்பாய். இப்போதைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நீ சீர்செய்த படியை வியாழக்கிழமை குழுவிடம் கொடுத்துப் பாடவைத்தேன். உப்புச்சப்பில்லாமல் இருந்தது. இதுவரை நான் எழுதிய எல்லாப் பாட்டையும் போல. எங்கள் குழுவுக்குப் பியானோ வாசிக்கிற ஓர் அம்மாள் என் பழைய பாட்டுகளைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "கேக்கும்போது நல்லாத்தான் சார் இருக்கு, வீட்டுக்குப் போனா ஒண்ணுமே ஞாபகம் இல்ல." நாற்பத்து நாலு வயதில் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துபோவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கைப்பிரதியில் இருந்தபடி பாடவைத்த நாளில் அவரே வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பாட்டின் வரிகளைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. உன் பெருந்தன்மை. அது ஆபீஸ் மேனேஜர் எழுதியது. "கதவு திற, காலை ஒளியே." புது அரங்கத்தின் திறப்பு விழாவில் பாடப்போகிறோம், ஏப்ரல் 26, ஞாயிறு. மேனேஜர் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து முன்னால் உட்கார்ந்து தன் வரிகளுக்குத் தானே வாயசைக்கிறார். ஒத்திகை ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்தில். மேசைகளைத் துடைத்த ஈரத்துணி வாடைக்கு நடுவே முப்பத்திரண்டு பேர் வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்தால் சில நாள் எனக்கே இந்த வேலை வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

மூலைகளில் எச்சில் இல்லை. பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

பதினான்கையும் திரும்ப வைத்தேன். மூன்று இடத்தில் மென்பொருள் தானாகச் சேர்த்துச் சேர்த்து ஒரே குறியாக்கியது. ஒவ்வொன்றையும் பிரித்து, கையால் நகர்த்தி, பூட்டுப் போட்டு வைக்கவேண்டியிருந்தது. ஒன்றுமே ஒலிக்காத இடங்களுக்காக இரண்டு முழு நாள் போயிற்று. முதலாளியம்மாவிடம் என்ன கணக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பிழை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒருதரம் ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கேட்பார். உன்னுடையதைக் கேட்டுவிட்டு அறை முழுக்கக் கேட்கும்படி, "இது என்ன, யாரோ பேச வராம தவிக்கற மாதிரி இருக்கு?" என்றார். பிறகு என் பக்கம் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையில் இல்லாத எதையோ தேடினார். அரைமணி நேரம் கழித்து, கேட்காமலே எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். அந்த டீயை நான் குடிக்கவில்லை. ஆடை படிந்து, அதில் ஓர் ஈ விழுந்து, சாயந்தரம்வரை அங்கேயே இருந்தது.

இந்த மாதிரி இரக்கத்தை வாங்கி வாங்கியே எனக்கு ஆட்களைக் கண்டால் குமட்டுகிறது. உன் பாட்டால் இன்று ஒன்று அதிகம்.

இதை எங்கிருந்து பிடித்தாய் என்று நேராகக் கேட்கிறேன். பதில் எழுது.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

இரண்டாம் படி கிடைத்தது. ஒரு குறைகூட இல்லை. வேறு யாராலும் இதை இப்படி வைத்திருக்க முடியாது.

எங்கிருந்து என்று கேட்டாய். ரொம்ப நாளாகக் காதில் இருந்த ஒன்று. விழா முடிந்ததும் நேரில் வந்து சொல்கிறேன்.

முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடு: "என் அக்காவுக்கு."

தம்பி


மார்ச் 10

பாட்டு வாத்தியாருக்கு,

நேரில் வரவேண்டாம். தெரிந்துவிட்டது.

உன் அந்த வரியை அடித்து முடித்துவிட்டுச் சும்மா ஒருதரம் ஓடவிட்டேன். ஸ்பீக்கரில் இல்லை, காதில் மாட்டிக்கொண்டு. வரிகளைக் கவனிக்கவில்லை, மென்பொருளுக்கு வரி தெரியாது, "ஆ ஆ" என்று மரக்கட்டை போலத்தான் பாடும். ஐந்தரைத் தட்டு ஓய்வு. பிறகு இரண்டு நோட்டு. மறுபடி ஓய்வு. ஆறாவது பாரில் தற்செயலாகக் கீழே பார்த்தேன். என் கட்டைவிரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பேச்சு நின்றுபோகும்போது நான் அப்படித்தான் தட்டுவேன். ஏழு வயதிலிருந்து. மேசைக்கு அடியில், பைக்கு அடியில், யாரும் பார்க்காதபடி. உனக்குத் தெரியும், நீ அதைப் பார்த்துத்தான் எனக்கு "மோட்டார்" என்று பெயர் வைத்தாய், ஸ்டார்ட் ஆகாத மோட்டார். தெரு முழுக்கக் கூப்பிட்டது. நோட்டு வருவதற்கு முன்பே என் விரல் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. பதினான்கு இடத்திலும் சரியாக நின்றது. நான் மனப்பாடம் செய்யாத ஒன்று என் விரலுக்கு எப்படித் தெரியும்?

பிறகு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, உன் மேனேஜரின் காலை ஒளியை எடுத்துவிட்டு நோட்டுக்கடியில் வேறு வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை ஓய்வு, "தம்பி". மூன்றேகால், "அம்மா". ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு நடுவில் மட்டும் மூன்று. "உன்னைத்தான் கேக்கறாங்க." கடைசியில் "நீ". அதோடு வெட்டு. முப்பது பார், பாருக்கு நாலு தட்டு, நூற்றிருபது விநாடி. உன் போனில் செய்தி பதிவாகும் நேரம் இரண்டு நிமிடம். அதற்கு மேல் மெஷின் வெட்டிவிடும்.

வரவே இல்லை என்றாயே, அந்தச் செய்தி.

அம்மாவின் சடலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் கண்ணைப் பார்த்து, "போன் ரிப்பேர்க்கா, எனக்கு ஒண்ணுமே வரல" என்றாய். ஆறு வருடம் நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? என்னையே. "சீக்கிரமாகச் சொல்லியிருந்தால், நான் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவளாக இருந்திருந்தால் வேறு நம்பருக்கும் கூப்பிட்டிருப்பேன்" என்று. நீ அதை வைத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து எண்ணியிருக்கிறாய். கால் தட்டு, அரைத் தட்டு என்று. நான் மூச்சு முட்டி நின்ற இடங்களை அளந்து, இன்சூரன்ஸ் ஆட்கள் வாயில் போட்டு, மேனேஜர் எழுதிய குப்பையைப் பூசி, மேடையேற்றி, அதற்கு மேல் "என் அக்காவுக்கு" என்று ஒரு வரி.

அதிலும் அந்தக் குறிகளை என் கையாலேயே வைக்கச்சொன்னாய். நான் முதலில் அதையெல்லாம் பிழை என்று எடுத்துவிட்டேன். நீ பழையபடி வை என்றாய். நானும் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பூட்டி வைத்தேன். என் விரலைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது.

கோப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. அன்று போன் அடித்தபோது நீ எங்கே இருந்தாய்?


மார்ச் 17

அக்கா,

ஏழு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன்.

போன் என் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தேன். "அக்கா" என்று பெயர் வந்தது. பியானோக்காரம்மா எதிரில் இருந்தார். "போன் அடிக்குது சார்" என்றார். "எங்க அக்காதான். ஹலோ சொல்லவே அரைமணி ஆகும், அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், வாயில் முட்டையோடு. போனைக் கவிழ்த்து வைத்தேன். அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து உப்புக்கிண்ணம்வரை நகர்ந்துபோய் நின்றது.

சாயந்தரம் செய்தியைப் போட்டேன். முதல் ஐந்தரை விநாடி உன் மூச்சு மட்டும். பிறகு "தம்பி". அதற்குப் பிறகு மறுபடி மூச்சு. என்னால் கேட்க முடியவில்லை. பாவமாக இருந்ததால் என்று எழுத ஆசைதான். பொறுமை இல்லை, அதுதான் உண்மை. அணைத்துவிட்டேன்.

புதன் மதியம் அம்மா போய்விட்டாள் என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். வியாழன் பஸ்ஸில் வரும்போது முழுவதையும் கேட்டேன். நீ கூப்பிட்டதும் கிளம்பியிருந்தால் அன்றைக்கு இருட்டுவதற்குள் வந்திருக்கலாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, கைக்குட்டையில் வாந்தி எடுத்தேன். இறங்கியதும் அந்தக் கைக்குட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பிறகு வீட்டுக்குள் வந்து உன்னிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

அதற்கு அப்புறம் அதை அழிக்க முடியவில்லை. ஆறு வருடத்தில் மூன்று போன் மாற்றினேன், ஒவ்வொன்றிலும் ஏற்றிக்கொண்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. ஒருநாள் பென்சில் எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது, அக்கா. காதில் விழுவதை இசைத்தாளின் ஐந்து கோட்டில் எழுதத்தான் தெரியும். எழுதி முடித்துப் பார்த்தால், நான் எழுதியதிலேயே நல்ல பாட்டு அதுதான். நான் எழுதவே இல்லை என்பதால்தான் நன்றாக இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மேனேஜரிடம் கொடுத்தேன்.

உன்னிடம் ஏன் அனுப்பினேன் என்று கேட்டால், நீ கண்டுபிடிக்கவேண்டும் என்றும் இருந்தது, கண்டுபிடித்துவிடக்கூடாது என்றும் இருந்தது. என் முகத்தைப் பார்த்து நீ காறித் துப்பினால்கூடப் பரவாயில்லை என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அதையும் தபாலிலேயே முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறேன் பார்.

கோப்பை அழித்துவிடு. மேனேஜரிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். "நீ" என்றதோடு வெட்டிவிட்டது. அதற்குப் பிறகு என்ன சொன்னாய்? நீ வா என்றா, நீ எங்கடா இருக்கே என்றா, நீ வரவே வேண்டாம் என்றா? முடிவை எழுத அதுதான் எனக்குக் கிடைக்கவில்லை.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஒருதரம் முழுதாகப் படித்தேன். இரண்டாம் தரம் முட்டை வரைக்கும்தான் வர முடிந்தது. மூடி வைத்துவிட்டேன். அதன் பிறகு கை கழுவினேன், உன் எச்சில் இல்லாத தாளுக்கே.

அழிக்கத்தான் போனேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கும் விசையைத் தட்டினேன். நோட்டெல்லாம் போயிற்று. போன இடத்தில் அந்த அதிகப்பிரசங்கி தானாகவே பாருக்கு ஒன்றாக முப்பது ஓய்வுக் குறி கொண்டுவந்து வைத்தது. முப்பதையும் எண்ணிப் பார்த்தேன். பிறகு சிரித்துவிட்டேன். பிழை பார்க்கிறவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

திரும்பக் கொண்டுவந்தேன். அழிக்கவில்லை, திருத்தியிருக்கிறேன். முப்பத்தைந்து பிரதி அச்சாகி நேராக உன் ஆபீஸுக்கு வருகிறது, இனி மாற்ற முடியாது. பாடு. வேண்டாம் என்றால் என் மூச்சை வேறு எதிலாவது ஒளித்து வைப்பாய், உன்னை நம்ப முடியாது. இந்த வடிவத்தில்தான் பாடவேண்டும்.

பதினான்கு இடத்திலும் உன் ஐந்தரை, மூன்றேகால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தட்டு ஓய்வு, அதன் தலைக்கு மேல் ஒரு வளைவும் உள்ளே ஒரு புள்ளியும் வைத்திருக்கிறேன். அந்தக் குறியின் பொருளை உன் குழுவுக்கு நீயே சொல்லித் தந்திருப்பாய்: எண்ணாதே, முன்னால் நிற்கிறவர் கையை இறக்கும்வரை நில்.

ஐந்தரை விநாடி என்பது போனைக் காதில் வைத்துக் கேட்டவனுடைய கணக்கு. சொல்ல வராமல் நிற்கிறவளுக்குக் கணக்கு கிடையாது. இது எப்போது முடியும் என்று உள்ளே இருக்கும்போது தெரியவே தெரியாது. எதிரில் இருக்கிறவர் முகம் மட்டும் தெரியும். முதலில் புன்னகை, அப்புறம் கண் இமை துடிக்கும், அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நீ மேடையில் கையைத் தூக்கிக்கொண்டு நில். முப்பத்திரண்டு பேரும் உன்னைப் பார்ப்பார்கள், பின்னால் ஒரு அரங்கமே பார்க்கும். எவ்வளவு நேரம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

"என் அக்காவுக்கு" என்ற வரியை எடுத்துவிட்டேன். அதைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் யாரோ சாப்பிட்டுவிட்டு என் முந்தானையில் கை துடைத்தது போல இருந்தது.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

பாடிவிட்டோம்.

முதல் இரண்டு இடம் தப்பித்துவிட்டேன். மனசுக்குள் பழைய கணக்கை எண்ணிக் கையை இறக்கினேன். திருட்டுத்தனம்தான். மூன்றாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது. கையைத் தூக்கியபடி நிற்கிறேன். இறக்கவேண்டும் என்று தெரிகிறது, எப்போது என்று தெரியவில்லை. முப்பத்திரண்டு வாய் பாதி திறந்து நிற்கிறது. முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. பியானோக்காரம்மா என்னைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்க்கிறார். என் அக்குளிலிருந்து வியர்வை இடுப்புவரை இறங்கியது. எப்படியோ கை கீழே வந்தது. இன்னும் பதினொன்று இருந்தது.

ஒன்பதாவது இடத்தில்தான் அது நடந்தது. "கதவு திற, காலை" வரை பாடியாகிவிட்டது. நான் நிற்கிறேன். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். நாற்காலி கிரீச்சிட்டது. என் பின்னாலிருந்து, முதல் வரிசையிலிருந்து, மேனேஜர் சத்தமாக, அன்பாக, எடுத்துக் கொடுத்தார்:

"ஒளியே!"

அரங்கம் சிரித்தது. கேலி இல்லை அக்கா, கனிவான சிரிப்பு. பாவம், மறந்துவிட்டான் போல, என்கிற சிரிப்பு. அந்த மனிதனின் தொண்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. நான் மறக்கவில்லை. எனக்கு அந்த வார்த்தை தெரியும், அது என் வார்த்தை, என் வாய்க்குள் இருக்கிறது, நீ யார் அதை எடுக்க என்று கத்தவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. மருந்துக்கடையில் நீ மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் சொல்லி முடித்தது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் உன் பெயரையே நான் சொன்னது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம். அம்மாவிடம்கூட. "அக்கா என்ன சொல்ல வர்றான்னா" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! உதவி என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வாய். நான் சொன்னது தப்பான வார்த்தையாக இருந்தாலும் தலையை ஆட்டினாய், இல்லையா?

மீதிப் பாட்டு முடிந்தது. கடைசி நோட்டு வெட்டியதும் யாருக்கும் கைதட்டத் தெரியவில்லை. பிறகு தட்டினார்கள். மேனேஜர் மேடைக்கு வந்து என் தோளில் கை போட்டு, "டென்ஷன் ஆகாதீங்க, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். அவர் வாயில் ஏலக்காய் வாசனை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனில் இருந்த உன் செய்திப் பதிவை அழித்துவிட்டேன். பிரதிகளைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. இனி யாரும் பாடமாட்டார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அந்த "நீ"க்கு அப்புறம் என்ன என்று இனி ஊகிக்கவும் மாட்டேன்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

ஆமாம். தப்பான வார்த்தைக்கும் தலையை ஆட்டினேன். வேண்டாத மாத்திரையை ஒரு வாரம் தின்றேன்.

உன் மேல் இருக்கும் அருவருப்பு குறையவில்லை. அது குறைந்துவிட்டது என்று நினைத்து நீ இதைப் படித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்.

ஆனால் அந்தச் செய்தியை நான் இன்னும் முடிக்கவில்லை. ஆறு வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. அதைத் தாளில் எழுதி அனுப்பமாட்டேன், தாளில் எனக்கு எல்லாம் சுலபமாக வரும்.

ஞாயிறு சாயந்தரம் நாலு மணிக்கு உன் போன் அடிக்கும். அடித்தால் எடு. "சொல்லுக்கா, சொல்லுக்கா" என்று துரத்தாதே. எதையும் எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. முன்கூட்டியே சாப்பிட்டு முடித்துவிடு.

"நீ"யிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அக்கா